‘ரன்’: ஒரு சொல், அறுநூறுக்கு மேல் பொருள்

ஆங்கிலத்தில் எந்தச் சொல்லுக்குப் பொருள் அதிகம் என்று கேட்டால், யாரும் எளிதில் உச்சரிக்க முடியாத ஏதோ ஒரு நீளமான சொல்லைத்தான் பலர் நினைப்பார்கள். விடை நேர்மாறானது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள, கிரிக்கெட் பார்க்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ‘ரன்’ என்ற சொல்தான் அது.

1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் முதலிடம் ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. 400-க்கும் மேற்பட்ட பொருள்கள். அகராதியைத் திருத்தி எழுதத் தொடங்கிய பிறகு ‘மேக்’ அதை முந்தியது, பின்னர் ‘புட்’ முந்தியது. 2011-இல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டியது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். இந்த ஒரு சொல்லை வகைப்படுத்தி எழுத, பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் ஆனது.

இத்தனை பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமோ என்று மாணவர்கள் அஞ்ச வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கால்களால் விரைந்து செல்வது அடிப்படைப் பொருள். அதிலிருந்து ‘தடையில்லாமல் தொடர்ந்து செல்வது’ என்ற கருத்தை எடுத்துக்கொண்டால் பாதி வழி தெளிந்துவிடும். ஆறு ‘ரன்’ ஆகிறது. குழாயில் தண்ணீரும் அப்படியே. சளி பிடித்தவருக்கு மூக்கு ‘ரன்’ ஆகிறது, அதாவது ஒழுகுகிறது. துவைக்கும்போது புதுச் சேலையின் சாயம் போனாலும் ‘ரன்’தான். ஆற்றங்கரையை ஒட்டிச் செல்லும் சாலைக்கும் இதே சொல். சாலை நகர்வதில்லை, அதன் வழியே நம் கண் ஓடுகிறது.

பிறகு இயந்திரங்கள் வந்தன. நீராவி எந்திரம், ரயில், தொழிற்சாலை, கடைசியில் கணினி என்று ஒவ்வொன்றும் இந்தச் சொல்லுக்குப் புதிய வேலை கொடுத்தது. கணினியில் ஒரு நிரலை இயக்குவதும் ‘ரன்’. அதன் பொருள்கள் இவ்வளவு பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஓடுவது மட்டுமல்ல, ஓடச் செய்வதும் ‘ரன்’ தான். அதனால் ஒருவர் கடையை ‘ரன்’ செய்கிறார், பள்ளியை ‘ரன்’ செய்கிறார். தமிழில் இதற்கு நாம் சொல்வது ‘நடத்துகிறார்’. அவர்கள் ஓட வைக்கிறார்கள், நாம் நடக்க வைக்கிறோம்! தேர்தல் விஷயம் இன்னும் சுவையானது. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். தமிழ்நாட்டு வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார்.

நம் ‘ஓடு’ என்ற சொல் பல இடங்களில் ‘ரன்’ உடன் அப்படியே பொருந்தும். ஆறு ஓடும், தறி ஓடும், படம் நூறு நாள் ஓடும். லண்டனில் அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ நாடகம் 1952 முதல் ஓடுகிறது; கொரோனாக் காலத்தில்தான் நின்றது. ஆனால் இந்தப் பொருத்தத்தை நம்பியே எங்கும் போய்விடக் கூடாது. ஒருவருக்கு டெம்பரேச்சர் ‘ரன்’ ஆகிறது என்றால் காய்ச்சல் அடிக்கிறது. பத்திரிகை ஒரு செய்தியை ‘ரன்’ செய்தால் வெளியிட்டது என்று பொருள். வங்கியில் ‘ரன்’ என்றால், வங்கி முழுகிவிடும் என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கக் குவிவது. 2007-இல் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியின் வாசல்களில் நின்ற வரிசைகள் அப்படிப்பட்டவை.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இந்தச் சொல்லோடு ஒட்டிவரும் குட்டிச் சொற்களில். பால் ‘ரன் அவுட்’ ஆனால் தீர்ந்துவிட்டது. நண்பரை ‘ரன் இன்டு’ செய்தால் தற்செயலாகச் சந்தித்தீர்கள். மரத்தை ‘ரன் இன்டு’ செய்தால் வண்டி மோதிவிட்டது. ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏறிவிட்டது, அல்லது கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. கடனை ‘ரன் அப்’ செய்தால் ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். இவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பொருள் தேடுவது வீண். முழுதாகவே பழக வேண்டும்.

இனி ஒத்த பொருள் தரும் சொற்கள். ஆங்கிலத்தில் ஒரே கருத்துக்குப் பல சொற்கள் இருப்பதற்கு வரலாறு காரணம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன. பின்னர் அறிஞர்கள் லத்தீனிலிருந்து நேரடியாக எடுத்தார்கள். ‘கேள்’ என்பதற்கு ‘ஆஸ்க்’ பழைய ஆங்கிலம், ‘கொஸ்சன்’ பிரெஞ்சு வழி, ‘இன்டராகேட்’ லத்தீன். மூன்றும் கேட்பதுதான், ஆனால் நண்பரை யாரும் ‘இன்டராகேட்’ செய்வதில்லை. அது காவல்துறை விசாரணை. அதேபோல ‘ரன்’ இருக்கும் இடத்தில் ‘ஃப்ளோ’, ‘ஆபரேட்’, ‘மேனேஜ்’, ‘ஸ்பிரின்ட்’ என்று வெவ்வேறு சொற்கள் வரும். ஆற்றுக்கு ‘ஃப்ளோ’ சரி, சேலைச் சாயத்துக்குச் சரியில்லை. சிறிது தூரத்தை முழு வேகத்தில் ஓடிக் கடப்பது மட்டுமே ‘ஸ்பிரின்ட்’. ‘மேனேஜ்’ என்பதில் பிறருக்காகப் பொறுப்பேற்கும் சாயல் உண்டு. தன் சொந்தக் கடையைப் பற்றிப் பேசுபவர் ‘ரன்’ என்றே சொல்வார்.

பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852-இல் தம் ‘தெசாரஸ்’ நூலை வெளியிட்டபோது சொற்களை அகரவரிசையில் அடுக்கவில்லை, கருத்து வாரியாக அடுக்கினார். கருத்து மனத்தில் இருக்கிறது, சொல் நாவில் வரவில்லை என்பவருக்கு உதவுவதே அவர் நோக்கம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று அவர் சொல்லவில்லை. இன்று பள்ளிக் கட்டுரைகளில் நடப்பது அதுதான். கனமான சொல்லைப் போட்டால் மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கையில் தெளிவான சொல்லை நீக்கிவிட்டுப் பொருந்தாததைச் செருகுகிறார்கள். இது மாணவர்களின் ஆங்கிலத்தைக் கெடுக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

ஒரு சொல்லை அது சேர்ந்திருக்கும் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபெர்த் வலியுறுத்தினார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி 1942-இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியும் சொல்லை வாக்கியத்தில் வைத்தே காட்டியது. நம் கல்லூரி மாணவர்கள் பலர் கையில் வைத்திருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி அதன் வழிவந்ததுதான். அதை எடுத்து ‘ரன்’ பக்கத்தைத் திறந்து, எண்ணிட்ட பொருள்களை விட்டுவிட்டு, எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் நாளுக்குப் பத்தாக வாய்விட்டுப் படியுங்கள். பிடித்த இரண்டை உங்கள் வீட்டுச் செய்தியை வைத்து மாற்றி எழுதிப் பாருங்கள்.