மலைப்பாதையில் நின்றுபோன மோட்டார் கார்

மோட்டார் வண்டியொன்று கிளம்ப மறுத்தால் பத்துப் பேர் கூடித் தள்ளிவிடுவது தோட்டப்புறங்களில் நெடுநாளைய வழக்கம். பெரட்டுக்களத்தருகே நிற்கும் பழைய லொறியை இளைஞர் சிலர் தோள் கொடுத்துச் சரிவில் உருட்டிவிடுவர். சாரதி கியரைப் போட்டுக் கிளச்சை விடுவார். எஞ்சின் இருமிக்கொண்டு உயிர்பெறும்.

இன்று அதே ஊவா மலைப்பாதைகளில் வேறொரு வகை வண்டியும் ஓடுகின்றது. பெற்றோலாலும் மின்சாரத்தாலும் இயங்கும் இந்த இரட்டை இயக்கக் காரை மக்கள் ஹைபிரிட் என்று அழைக்கின்றனர். அவற்றுள்ளும், வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியிலிருந்து மின்னேற்றிக்கொள்ளக் கூடிய வகைக்குப் பிளக்-இன் ஹைபிரிட் என்று பெயர். இவ்வண்டி கிளம்பாது நின்றுவிட்டால் எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை. தள்ளிக் கிளப்புவதற்குரிய கிளச் இதில் இல்லை. பல வகைகளில், மின்சாரம் அற்றுப்போனதும் சக்கரங்களின் பூட்டே திறவாது.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நள்ளிரவு வேளை ஒரு கர்ப்பிணிக்கு வலி எடுக்கிறது என்று கொள்ளலாம். பதுளை வைத்தியசாலைக்கு மலையிறங்கிச் செல்ல வேண்டும். அயல்வீட்டுக்காரர் தமது பிளக்-இன் காரைக் கிளப்ப விரைகின்றார். பொத்தானை அழுத்துகின்றார், விளக்குகள் மங்கலாக மினுக்கி அணைகின்றன. "பெரிய பற்றரி போய்விட்டது, இனிப் பல இலட்சம் செலவு" என்று அவர் மனம் தளர்கின்றார். ஆயின் உண்மையில் கெட்டிருப்பது பெரிய பற்றரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இத்தகைய வேளையில் முதலில் ஐயுற வேண்டியது வேறொன்று. அந்த வேறுபாட்டை அறிந்தவர் கால் மணி நேரத்தில் புறப்பட்டுவிடலாம். அறியாதவர் விடியும்வரை காத்திருக்க நேரும்.

இவ்வகைக் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிப் பின்னர் இலங்கைக்கு வந்தவை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டு காலமும் இருந்த வண்டிகளையே மக்கள் பேணி ஓட்டினர். ஆகவே முதுமையடைந்த பற்றரிகளுடன் மலையேறும் கார்கள் இன்று பல. அன்றியும், எச்சரிக்கை வாசகங்கள் ஜப்பானிய மொழியிலேயே தோன்றுவதால் அவற்றைச் சாரதியால் வாசிக்க முடிவதில்லை. எனவே வண்டியின் இயல்பை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது அவசியம்.

ஹைபிரிட் கார் ஒவ்வொன்றிலும் இரண்டு பற்றரிகள் உண்டு. ஒன்று, சக்கரங்களைச் சுழற்றும் உயர் அழுத்தப் பற்றரி. பழைய டொயோட்டா பிரியஸ் காரில் இது ஏறத்தாழ 200 வோல்ற் உடையது; மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் வகையில் 300 வோல்ற். மற்றொன்று, சாதாரணக் கார்களில் உள்ளது போன்ற 12 வோல்ற் சிறு பற்றரி. சிறியது வண்டியை ஓட்டுவதில்லை; வண்டியின் கணினியை விழிக்கச் செய்து, பெரிய பற்றரியின் கதவுபோல் நிற்கும் மின்தொடுப்பிகளை மூடுவதே அதன் பணி. பெரிய வீட்டின் களஞ்சியத்துக்குச் சிறிய திறவுகோல் எப்படியோ அப்படியே இதுவும். களஞ்சியம் நிறைந்திருந்தாலும் திறவுகோல் தொலைந்தால் உள்ளே செல்ல இயலாது.

சிறு பற்றரி சோர்ந்துவிட்டதை எவ்வாறு அறிவது? விளக்குகள் மங்கும், கதவு தொலைவிலிருந்து திறவாது, முகப்பில் பல எச்சரிக்கைகள் ஒருசேரத் தோன்றும், ஆயினும் 'ரெடி' என்னும் விளக்கு எரியாது. மானியால் அளந்தால், ஓய்வில் நிற்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவு காட்டும். 12க்குக் கீழே இறங்கினால் அது வெறுமையை நெருங்கிவிட்டது. பல நாள் ஓடாது நின்ற வண்டிகளிலும், பின்னர் பொருத்திய காணொளிக் கருவி இரவு பகலாக மின்சாரம் உறிஞ்சும் வண்டிகளிலும் இது எளிதில் நேரும்.

பரிகாரமும் எளிது. இவ்வண்டிகள் பலவற்றில் எஞ்சினைச் சுழற்றும் வேலை சிறு பற்றரிக்கு இல்லாமையால், வேறொரு காரின் பற்றரியிலிருந்து சிறிதளவு மின்சாரம் கொடுத்தாலே கணினி விழித்துக்கொள்ளும். சிறு பற்றரி பின்பெட்டியில் இருக்கும் வகைகளில், பெட்டியே திறவாது போகலாம் என்பதற்காக முன்மூடியின் கீழ் இணைப்பு முனையொன்று வைத்திருப்பர். சிவப்புக் கம்பியை முதலில் சோர்ந்த வண்டியின் நேர்முனையிலும், பின்னர் நல்ல பற்றரியின் நேர்முனையிலும் பூட்டுதல் வேண்டும். கறுப்புக் கம்பியை நல்ல பற்றரியின் எதிர்முனையில் பூட்டி, அதன் மறுமுனையைச் சோர்ந்த வண்டியின் வெறும் உலோகப் பகுதியொன்றில் இணைத்தல் வேண்டும். முனைகள் மாறிவிட்டால் விலையுயர்ந்த மின்னணுப் பாகங்கள் கருகிவிடும்.

இங்கே தோட்டப்புறத்தார் மறவாதிருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கொழுந்து ஏற்றும் பெரிய லொறிகள் பல 24 வோல்றில் இயங்குபவை. உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு அந்த 24 வோல்றை ஹைபிரிட் காரில் பூட்டுவது, மருந்தென்று நஞ்சூட்டுவதை ஒக்கும். மற்றொரு 12 வோல்ற் காரையே நாடுதல் வேண்டும். 'ரெடி' விளக்கு எரிந்ததும் வண்டியை ஒரு மணி நேரமளவு அந்நிலையிலேயே விட்டால், பெரிய பற்றரி சிறியதற்கு மின்னேற்றும். அவ்வேளை எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கலாம். எனவே மூடிய கொட்டிலுக்குள் அவ்வாறு விடுதல் உயிருக்கே ஆபத்தாகும். புதுப் பற்றரி வாங்குவோரும் ஒன்றைக் கவனித்தல் நலம். காரின் உட்புறத்தே வைக்கும் பற்றரியின் வாயு வெளியேறச் சிறு குழாய் வேண்டும். அக்குழாய் இல்லாத மலிவான வகையை அங்கே வைத்தல் தகாது.

இனிப் பெரிய பற்றரி. இதன் முதற் பகை வெப்பம். பிரியஸ் போன்ற கார்களில் பின்னாசனத்தின் அருகேயுள்ள காற்றுவாயினால் ஒரு விசிறி காற்றை இழுத்துப் பற்றரியைக் குளிரச் செய்கின்றது. வெலிமடையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ மரக்கறி மூட்டைகளைப் பின்னாசனத்தில் அடுக்கும்போது அக்காற்றுவாய் அடைபடுகின்றது. தோட்டத்து மண்பாதையின் புழுதியும் விசிறியில் படிகின்றது. பற்றரி சூடேறியதும், தன்னைக் காத்துக்கொள்ள வண்டி வலுவைக் குறைக்கும், ஏற்றத்தில் திணறும். பற்றரி செத்தது என்று எண்ணுமுன், காற்றுவாயையும் விசிறியையும் துப்புரவாக்கிப் பார்த்தல் வேண்டும்.

முதுமையால் வரும் பழுது வேறு. பழைய பிரியஸ் பற்றரி 28 சிறு பகுதிகளைத் தொடராக இணைத்தது. ஒன்று நலிந்தாலும் கோவை முழுவதும் தளரும். நலிந்ததை மட்டும் மாற்றித் தருவோர் உளர், செலவும் குறைவே. ஆயின் புதியதும் பழையதும் ஒரே நுகத்தில் பூட்டிய இளங்காளையும் கிழ எருதும் போன்றவை. சில மாதங்களில் அடுத்தது விழும். மாற்றுமுன் 28 பகுதிகளின் அளவையும் எழுத்தில் கேட்டுப் பெறுவோர் ஏமாறுவதில்லை. செம்மஞ்சள் நிறக் கம்பிகளைப் பயிற்சி பெறாதவர் எக்காரணங்கொண்டும் தொடலாகாது. பயிற்சி பெற்றவரும் 1000 வோல்ற் தாங்கும் கையுறை அணிந்து, துண்டிப்புச் செருகியை அகற்றி, எஞ்சிய மின்னழுத்தம் வடிவதற்குப் பத்து நிமிடமேனும் காத்திருந்தே கைவைப்பர்.

பழுதல்லாத ஒன்றைப் பழுதென்று மயங்குவதும் உண்டு. வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து 200 மீற்றரளவில் உள்ளது. எல்ல 1000 மீற்றருக்கு மேல். இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து ஏறும் அவ்வீதியில் 800 மீற்றருக்கு மேற்பட்ட ஏற்றம். ஆட்களோடு 1700 கிலோகிராம் எடையுள்ள காரை 800 மீற்றர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறக்குறைய 3.7 அலகு மின்சாரம் தேவை. வீதியின் உராய்வுக்கும் காற்றின் தடைக்கும் மேலும் ஓர் அலகுக்குக் குறையாமல் வேண்டும். 2012இல் வந்த பிரியஸ் பிளக்-இன் காரின் பற்றரியோ 4.4 அலகே கொள்ளும். ஆகவே இடைவழியில் மின்சாரம் தீர்ந்து எஞ்சின் உறுமத் தொடங்குதல் இயற்கை. பெற்றோல் தாங்கியை வெறுமையாக விட்டு, மின்சாரத்தை மட்டும் நம்பி மலையேறுவதே தவறு.

மலை தான் வாங்கியதில் ஒரு பங்கைத் திருப்பியும் தருகின்றது. இறக்கத்தில் மோட்டார் மின்னாக்கியாக மாறி, ஒன்றரை அலகளவு மீட்கக்கூடும். இங்கேதான் நுட்பமான செய்தி ஒன்று உளது. பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ வசிப்பவர் இரவெல்லாம் மின்னேற்றி, நிறைந்த பற்றரியுடன் காலையில் இறங்கப் புறப்பட்டால், மீண்டு வரும் மின்சாரத்தை ஏற்க இடமிராது. அப்போது பிரேக்கே சுமை முழுவதையும் தாங்கிச் சூடேறும். மலைமேல் இருப்போர் சற்றுக் குறைவாக மின்னேற்றுவதும், இறக்கத்தில் எஞ்சின் தடையைத் தரும் 'பி' நிலையைப் பயன்படுத்துவதும் அறிவுடைமை.

ஓடும்போதே வலு அற்றுப்போனால் என் செய்வது? ஸ்டியரிங் கனக்கும், பிரேக் மிதி கடினமாகும், ஆயினும் இரண்டும் வேலை செய்யும். மிதியை விட்டுவிட்டு மிதித்தால் சேமித்த அழுத்தம் வீணாகும். ஒரே அழுத்தமாக உறுதியாக மிதித்து, மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கிக் கை பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்குக் கல் அணைத்தல் வேண்டும். கயிறு கட்டி இழுத்துச் செல்லவும் கூடாது. இயக்கும் சக்கரங்கள் நிலத்தில் உருண்டால் மோட்டார் மின்சாரம் பிறப்பித்துப் பழுதை வளர்க்கும். தட்டுலொறியில் ஏற்றிச் செல்வதே முறை.

வண்டியின் மின்சாரம் ஒருபுறமிருக்க, வீட்டு மின்சாரமும் தவறுவதுண்டு. 2022இல் இந்நாட்டார் பெற்றோல் வரிசையையும் மின்வெட்டையும் ஒருங்கே கண்டனர். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. பின்னர் வந்த அனுமதிமுறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கொன்றினால் தீவு முழுவதும் இருண்டது. ஆகவே பற்றரியில் பாதியும் தாங்கியில் பாதியும் எப்போதும் வைத்திருத்தல் நல்ல வழக்கம்.

மின்சாரம் மீளும் கணத்தில் அழுத்தம் ஏறி இறங்கும். அது நின்றவுடன் செருகியைக் கழற்றி, மீண்டபின் கால் மணி கழித்துச் செருகுதல் நன்று. ஐப்பசி மாலைகளில் இடி முழங்கும்போதும் அவ்வாறே. லயன் வீடுகளின் பழைய கம்பிகளில் இன்னும் கவனம் வேண்டும். மின்னேற்றும் கார் பல மணி நேரம் 10 அம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அது கேத்தலை இடையறாது கொதிக்க வைப்பதற்குச் சமம். நிலத்தொடுப்பும் தனிக்கம்பியும் இல்லாத செருகியில் இதைப் பூட்டினால், எரிவது கார் மட்டுமாக இராது. ஒரே கூரையின் கீழுள்ள அடுத்தடுத்த குடும்பங்களின் வீடுகளும் எரியும். கம்பியில் 100 வோல்ற் என்று மட்டும் எழுதப்பட்டிருப்பின் அதனை இந்நாட்டின் 230 வோல்றில் செருகவே கூடாது.

சில கார்கள் இருளில் வீட்டுக்கு விளக்கேற்றவும் வல்லவை. ஜப்பானிலிருந்து வந்த அவுட்லாண்டர் பிளக்-இன் கார்கள் பலவற்றில் 1500 வாற்று வரை தரும் மின்வாய் உண்டு. அதுவும் 100 வோல்றே என்பதை மறவாமல், ஏற்ற கருவிகளுக்கே பயன்படுத்தல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்தபோது, ஒரு கைத்தொலைபேசிக்கு மின்னேற்றுவதன் அருமை பலருக்குப் புரிந்தது. வெள்ளம் புகுந்த காரையோ கிளப்பவும் ஆகாது, மின்னேற்றவும் ஆகாது. வீடுகளுக்கு அப்பால் நிறுத்திப் பரிசோதிப்பிப்பதே தகும்.

மீண்டும் அந்த மடுல்சீமைத் தோட்டத்துக்கு வரலாம். அயல்வீட்டுக்காரர் பதற்றம் தணிந்து, சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகத் திறவுகோலால் கதவைத் திறக்கின்றார். லயத்தின் கோடியிலிருந்து மற்றொரு கார் வருகின்றது. சிவப்பும் கறுப்பும் முறைப்படி பூட்டப்படுகின்றன. முகப்பில் 'ரெடி' விளக்கு பச்சையாய் எரிகின்றது. கர்ப்பிணியை மெல்ல ஏற்றிக்கொண்டு கார் ஓசையின்றிப் பதுளை நோக்கி இறங்குகின்றது. அன்றிரவு அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டு கம்பிகளும், எந்தப் பற்றரி எந்த வேலையைச் செய்கின்றது என்ற தெளிவுமே.