தாமதத்தின் பொருளியல்: ஒரு கைக்கடிகாரமும் அதன் பழுதுற்ற உறுப்பும்

2014ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் தனது முதலாவது ஸ்மார்ட் கைக்கடிகாரத்தை அறிமுகஞ் செய்தது. ஏழு மாதங்களின் பின்னர், 2015 ஏப்பிரல் 10ஆந் திகதி, அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, பிரான்சு, ஜேர்மனி, அவுஸ்திரேலியா, யப்பான், சீனா, ஹொங்கொங் ஆகிய இடங்களில் அதற்கான முற்பதிவு ஆரம்பமாயிற்று. ஏப்பிரல் 24 விற்பனை நாள் என அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் முற்பதிவு தொடங்கிச் சிறிது நேரத்திலேயே விநியோகத் திகதிகள் மே மாதத்துக்கும், பின்னர் யூன் மாதத்துக்கும் பின்தள்ளப்பட்டன. விற்பனை நாளன்று நிறுவனத்தின் சொந்தக் கடைகளிலே கடிகாரத்தைப் பார்க்கலாம், அணிந்து பார்க்கலாம். வாங்கிச் செல்ல முடியாது என்ற நிலையே காணப்பட்டது. காலத்தைக் காட்டும் கருவியே காலந் தாழ்த்தி வந்தது என்று நகைத்துவிட்டு நாம் இதனைக் கடந்து செல்லலாம். ஆனால் ஒரு பண்டம் உரிய வேளையில் வந்து சேரும்போது அதன் பின்னாலுள்ள உற்பத்தி அமைப்பு நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அது வராது போகும்போதுதான் அது எங்கே, எவரால், எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்ற வினா எழுகின்றது. அவ்வகையில் இத்தாமதம் ஆராயத்தக்கது.

தாமதத்துக்கான காரணம் யாது? இதற்கு இரு விடைகள் கிடைத்தன. ஏப்பிரல் 27ஆந் திகதி காலாண்டு நிதிப் பெறுபேறுகளை வெளியிட்டபோது நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரி டிம் குக், கடிகாரத்துக்கான கேள்வி நிரம்பலை விஞ்சி நிற்கின்றது என்று கூறினார். இது முதலாவது விடை. இரு நாட்களின் பின்னர், ஏப்பிரல் 29ஆந் திகதி, 'வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்' நாளிதழ் வேறொரு விடையை வெளியிட்டது. விடயமறிந்தவர்களை ஆதாரமாகக் கொண்ட அச்செய்தியின்படி, பெப்ரவரி மாதத்திலே பெருமளவு உற்பத்தி தொடங்கிய பின்னர் நடத்தப்பட்ட நம்பகத்தன்மைப் பரிசோதனைகளில், 'டெப்டிக் எஞ்சின்' எனப்படும் உறுப்புக்களுட் சில நாளடைவிற் செயலிழப்பது தெரியவந்தது. பழுதுற்றவை சீனாவின் ஷென்சென் நகரைச் சேர்ந்த ஏஏசி டெக்னோலஜீஸ் நிறுவனம் வழங்கியவை. யப்பானிய நிறுவனமாகிய நிடெக் வழங்கிய அதே உறுப்பில் இக்குறை காணப்படவில்லை. ஏற்கெனவே பூர்த்தி செய்யப்பட்டிருந்த சில கடிகாரங்கள் கழித்துவிடப்பட்டன. அவ்வுறுப்பின் உற்பத்தி ஏறத்தாழ முழுவதும் நிடெக்கிடம் மாற்றப்பட்டது. பழுதுற்ற உறுப்பைக் கொண்ட கடிகாரங்கள் நுகர்வோரைச் சென்றடைந்தமைக்குச் சான்றில்லை என்றும் அச்செய்தி கூறிற்று. அப்பிள் நிறுவனம் இதுபற்றிப் பகிரங்கமாகக் கருத்துரைக்கவில்லை.

இவ்விரு விடைகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. கேள்வி நிரம்பலை விஞ்சியது உண்மையே. ஆனால் முதலாவது விடை பிரச்சினையை வாங்குவோரின் பேரார்வத்தில் வைக்கின்றது. இரண்டாவது விடை அதனைத் தொழிற்சாலையில் வைக்கின்றது. விஞ்சியது கேள்வியா, குன்றியது நிரம்பலா என்பது வெறுஞ் சொல் வேறுபாடன்று. தாமதத்தின் செலவை யார் சுமந்தனர் என்று அறிய விரும்பும் எவரும் இரண்டாவது விடையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

முதலில் அவ்வுறுப்பின் தன்மையை நோக்குவோம். கடிகாரத்துக்கு ஒரு செய்தி வந்தாலோ குறித்த நேரம் நெருங்கினாலோ, அணிந்திருப்பவரின் மணிக்கட்டில் விரலால் மெல்லத் தட்டுவது போன்ற உணர்வை இவ்வுறுப்பு உண்டாக்குகின்றது. இதனுள்ளே சிறியதொரு பாரம் வில்களுக்கிடையே பொருத்தப்பட்டுள்ளது. கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது தோன்றும் காந்த விசை அப்பாரத்தை நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக அசைக்கின்றது. பழைய கைக்கடிகாரத்தின் உள்ளே பற்சில்லுகளும் வில்களும் எந்நேரமும் இயங்கிக்கொண்டிருந்தன. ஸ்மார்ட் கைக்கடிகாரத்திலோ பெரும்பாலானவை அசையாத மின்னணு உறுப்புக்கள். அசையும் மிகச் சிலவற்றுள் ஒன்று இது. அசையும் உறுப்பு தேய்வுக்கு உட்படும். திரும்பத் திரும்ப வளையும் உலோகம் களைப்படையும். இக்குறைகள் முதல் நாளிலே தோன்றுவன அல்ல. எனவேதான் பல மாத உபயோகத்தைச் சில நாட்களுக்குள் அடக்கி, உறுப்பை ஓயாது இயக்கிப் பார்க்கும் பரிசோதனைகள் நடத்தப்படுகின்றன. அத்தகைய பரிசோதனை ஒன்றே இக்குறையை வெளிக்கொணர்ந்தது.

ஓர் உறுப்பின் குறை முழுப் பண்டத்தையும் தடுத்து நிறுத்துவது ஏன் என்பதை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். ஒரு கருவியில் 100 உறுப்புக்கள் உள்ளன என்றும், ஒவ்வொரு வகையிலும் நூற்றுக்கு 99 குறையற்றவை என்றும் கொள்வோம். உறுப்புக்களைத் தனித்தனியே நோக்கினால் தரம் உயர்ந்ததாகவே தோன்றும். ஆனால் எல்லா உறுப்புக்களும் ஒருங்கே குறையற்று அமையும் கருவிகள் நூற்றுக்குச் சுமார் 37 மட்டுமே. ஒவ்வொரு வகையிலும் ஆயிரத்துக்கு 999 குறையற்றவையாயின் அத்தொகை சுமார் 90 ஆக உயரும். அதாவது, உறுப்புக்கள் பெருகப் பெருக, ஒவ்வோர் உறுப்பிடமும் கோரப்படும் செம்மை மிகவும் உயர்கின்றது. உறுப்புக்களுள் 99 ஆயத்தமாக இருப்பினும் நூறாவது வராவிடில் அந்த 99உம் களஞ்சியத்திலே தேங்கிக் கிடக்கும்.

இவ்விடத்தில் ஒரு பழைய நூலை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாந் தொகுதியிலே, தொழிற்பிரிவினையை ஆராயும் கார்ல் மார்க்ஸ், தனித்தனியே ஆக்கப்பட்ட உறுப்புக்கள் இறுதியில் ஒருங்கிணைக்கப்படும் உற்பத்தி முறைக்குக் கைக்கடிகாரத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். வில் செய்வோர், முகப்புத் தட்டுச் செய்வோர், முட்கள் செய்வோர், திருகாணி செய்வோர், கூடு செய்வோர் என நீளும் பட்டியலை அங்கு காணலாம். ஒருகாலத்தில் ஒரு கைவினைஞனின் ஆக்கமாக இருந்த கடிகாரம் எண்ணற்றோரின் சமூக ஆக்கமாக மாறிவிட்டமையை அவர் அதன்மூலம் எடுத்துக்காட்டினார். நாம் ஆராயும் கடிகாரத்தில் இப்போக்கு தேச எல்லைகளைக் கடந்து விரிந்துள்ளது. அதனை வடிவமைத்தது கலிபோர்னியா. அதன் உறுப்புக்கள் பல நாடுகளைச் சேர்ந்த நிறுவனங்களிடமிருந்து வந்தன. அவற்றை ஒருங்கிணைக்கும் பொறுப்புத் தாய்வானின் குவாண்டா நிறுவனத்துக்குரியது. அவ்வேலை நடந்த இடமோ சீனத் தொழிற்சாலை. உழைப்பு இவ்வாறு உலகளாவிய சமூக உழைப்பாகிவிட்டது. ஆனால் அவ்வுழைப்பை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற தீர்மானம் ஓரிடத்திலேயே குவிந்துள்ளது.

இத்தீர்மானம் எவ்வாறு தொழிற்பட்டது என்பதே இந்நிகழ்விற் கூர்ந்து நோக்கத்தக்கது. ஓர் உறுப்பை இரு நிறுவனங்களிடமிருந்து பெறுவது இத்தொழிலிற் பரவலாகக் கைக்கொள்ளப்படும் காப்பு முறை. ஒன்று தவறினால் மற்றது கைகொடுக்கும் என்பது எண்ணம். ஆயினும் இரண்டாவது நிறுவனம் ஒரே நாளில் தன் உற்பத்தியைப் பெருக்கிவிட இயலாது. அச்சுக்களும் பொறிகளும் கூடுதலாக வேண்டும். வேலையாட்கள் பயிற்றப்பட வேண்டும். புதிய உற்பத்தி வரிசை தருவனவும் பரிசோதனையிலே தேற வேண்டும். இவ்விடைவெளியில் நிகழ்ந்ததையும் மேற்குறித்த செய்தி பதிவு செய்துள்ளது. வேறு உறுப்புக்களை வழங்கிய சில நிறுவனங்களிடம், யூன் மாதம் வரை உற்பத்தியை மெதுவாக்குமாறு அப்பிள் கேட்டுக்கொண்டதாம், காரணம் கூறப்படவில்லையாம். உலகெங்கும் வாங்குவோர் காத்திருக்க, தம்மிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்வது ஏன் என அவை வியப்புற்றனவாம். வாங்குவோருக்குப் பண்டமில்லை, வழங்குவோருக்கு வேலையில்லை. ஒரே குறையின் இரு முகங்கள் இவை.

உற்பத்தியை மெதுவாக்குதல் என்பது முகாமையாளரின் மேசையில் ஓர் அட்டவணை மாற்றம் மட்டுமே. தொழிலாளியின் கையில் அது சம்பளக் குறைவாகும். சீனாவின் மின்னணுத் தொழிற்சாலைகளில் அடிப்படைச் சம்பளம் சட்டம் விதிக்கும் குறைந்தபட்ச அளவையொட்டியே பெரும்பாலும் அமைகின்றது. ஊரிலுள்ள குடும்பத்துக்கு அனுப்பத்தக்க தொகை மேலதிக நேர வேலையினாலேயே திரள்கின்றது. மேலதிக நேரம் மாதத்துக்கு 36 மணித்தியாலங்களை விஞ்சலாகாது எனச் சீனத் தொழிற் சட்டம் விதித்துள்ளது. புதிய பண்டங்கள் வெளிவரும் பருவங்களில் அவ்வெல்லை மீறப்படுவது பலகாலும் அம்பலமாகியுள்ளது. ஆகவே பருவம் உச்சமடையும்போது அளவிறந்த வேலை, உறுப்பொன்று தவறும்போது வருவாய்க் குறைவு என்ற ஊசலாட்டம் இவ்வமைப்புடன் கூடப்பிறந்தது. தேவைக்கேற்ப உறுப்புக்களை உரிய கணத்திலே தருவிக்கும் இன்றைய முறை, தேக்கத்தின் செலவைத் தலைமை நிறுவனத்திடமிருந்து அகற்றிவிட்டது. ஆனால் அகற்றப்பட்ட செலவு மறைந்து போவதில்லை. சங்கிலியிற் கீழேயுள்ளவரிடம் அது இறங்குகின்றது.

இப்பாரம் கீழ்நோக்கி மட்டுமன்றி, வாங்குவோரை நோக்கி முன்னேயும் தள்ளப்படலாம். இதற்கு அப்பிளுக்கு முன்னரே வெளிவந்த பெபிள் கடிகாரம் சான்று. 2012ஆம் ஆண்டு அதனை உருவாக்கிய சிறு குழுவினர் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் மூலம் 100,000 டொலரைத் திரட்ட முனைந்தனர். 68,929 பேர் முன்வந்து 10,266,845 டொலரை வழங்கினர். சிறு தொகைக்கெனத் திட்டமிடப்பட்ட உற்பத்தி முறை இப்பெருந் தொகைக்கு ஈடுகொடுக்கவில்லை. 2012 செப்டெம்பரில் அனுப்பப்படும் என வாக்களிக்கப்பட்ட கடிகாரங்கள் 2013 சனவரி 23ஆந் திகதியே அனுப்பப்படத் தொடங்கின. இங்கே முதலை வழங்கியவர்கள் வாங்குவோரே, காத்திருந்தவர்களும் அவர்களே. பங்கு மூலதனம் வழங்குவோர் இலாபத்திற் பங்கு பெறுவர். இவர்களோ நட்ட அபாயத்தை ஏற்றும், பெற்றது கடிகாரம் ஒன்றையே. பெரிய நிறுவனம் அபாயத்தை வழங்குநரிடம் இறக்கியது. சிறிய நிறுவனம் அதனை நுகர்வோரிடம் ஒப்படைத்தது. திசைகள் வேறு, தர்க்கம் ஒன்றே.

இது வெறுந் தொழினுட்ப விபத்து, இதிற் சமூகப் பிரச்சினையைத் தேடுவது மிகை என்று சிலர் வாதிக்கக்கூடும். அவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. எந்தச் சமூக அமைப்பிலும் உறுப்புக்கள் பழுதுறும், உலோகம் களைப்படையும். குறையுள்ளவற்றைச் சந்தைக்கு அனுப்பாது கழித்துவிட்டது சரியான செயலே. பரிசோதனை தன் கடமையைச் செய்தது என்பதையும் நாம் மறுக்கவில்லை. நாம் எழுப்பும் வினா வேறு. குறை நேர்வது இயற்கை. ஆனால் அதன் செலவு எவர்மீது சுமத்தப்படுகின்றது என்பது இயற்கையன்று. அது மனிதர் செய்த ஏற்பாடு. பெப்ரவரியிற் பெருமளவு உற்பத்தி, ஏப்பிரலில் விற்பனை என்ற நெருக்கமான கால அட்டவணை, பரிசோதனைக்கும் உற்பத்திக்கும் இடையே இருக்க வேண்டிய அவகாசத்தைச் சுருக்கியது. அந்த அட்டவணையைத் தீர்மானித்தது உலோகத்தின் இயல்பன்று, சந்தையின் அவசரமே.

இத்துடன் இன்னொன்றும் நோக்கத்தக்கது. கடிகார விற்பனையைத் தனியே எண்ணிக்கையாக வெளியிடாது, 'ஏனைய உற்பத்திகள்' என்ற பொதுத் தலைப்பின்கீழ் அடக்கப்போவதாக அப்பிள் 2014 ஒக்டோபரிலேயே அறிவித்திருந்தது. எத்தனை விற்கப்பட்டன, எத்தனை கழிக்கப்பட்டன என்பவை பொதுமக்களுக்குத் தெரியவில்லை. கழிக்கப்பட்ட ஒவ்வொரு கடிகாரத்திலும் சுரங்கத்திலிருந்து ஒருங்கிணைப்பு மேசைவரை பலரின் உழைப்பு உறைந்திருந்தது. கணக்கேட்டிலே அவ்வுழைப்பு ஒரு வரியாகவேனும் இடம்பெறவில்லை.

2015 யூன் மாத நடுப்பகுதியிற் கடைகளில் நேரடி விற்பனை தொடங்கிற்று. யூன் 26ஆந் திகதி மேலும் ஏழு இடங்களுக்கு விற்பனை விரிந்தது. தாமதம் தீர்ந்ததும் அதனைப் பற்றிய பேச்சும் தீர்ந்தது. பண்டம் கைக்கு வந்தபின் அதன் வரலாற்றை மறப்பது எளிது. ஆயினும் சமூக விஞ்ஞான நோக்குடையோர் அவ்வாறு மறத்தல் தகாது. புதிய கருவியொன்று வரப் பிந்துகின்றது என்ற செய்தியைப் படிக்கும்போது, அது எப்போது வரும் என்ற வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. அது வராத அந்நாட்களில் எந்தத் தொழிற்சாலையில் எவருடைய வேலை நேரம் குறைக்கப்பட்டது, எவருடைய சம்பளப் பொதி மெலிந்தது என்றும் வினவுதல் வேண்டும். வாங்குபவர் இழந்தது சில வாரக் காத்திருப்பு; அதே வாரங்களில் தொழிலாளி இழந்தது வாழ்க்கைச் செலவின் ஒரு பகுதி. இவ்விரண்டையும் ஒரே தாமதமாக எண்ணும் கணக்கு சரியான கணக்காகாது.