சிறிய சீல், பெரிய பொறுப்பு
நம் நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி லாரிகளையே நம்பியுள்ளது. பெரும்பாலான கனரக லாரிகளில், பின் அச்சின் மீதுள்ள சுமை, ஹப்பினுள் அமைந்த 2 கூம்பு உருளை பேரிங்குகள் வழியாகச் சக்கரத்தை அடைகிறது. அச்சின் எண்ணெய் பிரேக் பக்கம் கசியாது தடுப்பது ஆயில் சீல். அது தேய்ந்தால் பிரேக் லைனிங்கில் எண்ணெய் படியும். மலைச்சாலை இறக்கத்தில் பிரேக்கின் பிடிப்புக் குன்றும்.

சீலை மட்டும் மாற்றுதல் போதாது. பேரிங் தேய்ந்து ஹப் ஆடினால் புதிய சீலும் விரைவில் கெடும். அச்சுக்கூட்டின் காற்றுத் துளை அடைபட்டாலும் எண்ணெய் கசியும். பேரிங்கை அதன் வெளி வளையத்துடன் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். ஹப்பைச் சுழற்றியவாறே நட்டை இறுக்கி, தயாரிப்பாளர் குறித்த அளவு தளர்த்துதல் வேண்டும். எண்ணெய் ஊறிய லைனிங்கைத் துடைத்து மீண்டும் பயன்படுத்தலாகாது. இதில் காட்டும் சிக்கனம் உயிர்ச்சேதத்தில் முடியக்கூடும்.