இல்லை என்று ஒரு வரி

எண்பதுகளில் செய்தித்தாள்களில் வந்த வேலை விளம்பரங்கள் பலவற்றின் கடைசியில் ஒரு நிபந்தனை இருக்கும்: சுயவிலாசமிட்டு, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் இணைத்து அனுப்பவும். பதில் போடுகிற செலவும் வேலை கேட்பவர் தலையில்தான். ஆனாலும் அந்த உறைக்கு ஒரு பலம் இருந்தது. அது மேஜைமேல் கிடக்கிறவரை அங்கிருந்த குமாஸ்தாவுக்கு ஒரு வேலை பாக்கி. தாமதமாகவாவது, ‘வருந்துகிறோம்’ என்று தட்டச்சு செய்த ஒரு தாள் ஊர் வந்து சேர்ந்துவிடும்.

அன்று விண்ணப்பிப்பதே பெரும்பாடு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பயோடேட்டா அடிக்கக் கொடுத்து, ஜெராக்ஸ் எடுத்து, அட்டெஸ்டேஷனுக்காக கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலைய வேண்டும். அரசு ஆஸ்பத்திரி டாக்டரோ மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரோ, யார் வாசலாக இருந்தாலும் அந்தப் பச்சை மைக் கையெழுத்துக்குக் காத்து நிற்க வேண்டும். முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. என் மதிப்பெண் பட்டியல் உண்மைதான் என்று என்னை அறியாத ஒருவர் சொன்னால்தான் நம்புவோம் என்ற அந்த ஏற்பாட்டை, மத்திய அரசு 2013, 2014 வாக்கில்தான் கைவிடத் தொடங்கியது.

இன்னொரு வாசல் வேலைவாய்ப்பு அலுவலகம். அரசுத் துறைகளும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அங்கே தெரிவிக்க வேண்டும் என்று 1959-இல் சட்டம் வந்தது. பதிந்துவிட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, பதிவு மூப்புப்படி இண்டர்வியூ கார்டு வருமென்று காத்திருந்தது ஒரு தலைமுறை. கல்லூரி முடித்த கையோடு பதிந்தவருக்கு நாற்பதை நெருங்கும்போது கார்டு வந்த கதை ஊருக்கு ஊர் கிடைக்கும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். சிபாரிசுக் கடிதம் வைத்திருப்பவருக்காக முன்பே முடிவான இடத்துக்கு, ஊரெல்லாம் கூட்டி நேர்காணல் நடத்தினார்கள். திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி, திருவல்லிக்கேணி மேன்ஷனில் நண்பனின் பாயில் ஓரமாகப் படுத்தெழுந்து போனவருக்கு அது தெரியாது. 1980 என்ற ஒரே ஆண்டில் பாலசந்தர் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ எடுத்தார், பாரதிராஜா ‘நிழல்கள்’ எடுத்தார். இரண்டிலும் வேலை தேடி அலையும் படித்த இளைஞர்கள்தாம். அந்தக் காயம் அவ்வளவு பொதுவானது.

ஆனால் நேர்காணலுக்கு அழைத்த பொதுத்துறை நிறுவனங்கள் பல, இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தந்தன. நாங்கள் கூப்பிட்டோம், நீங்கள் வந்தீர்கள், அந்தச் செலவில் எங்களுக்கும் பங்குண்டு என்ற எண்ணம் அதில் இருந்தது. இன்று காணாமல் போயிருப்பது அதுதான்.

நௌக்ரி தளம் 1997-இல் வந்தது. இப்போது செல்பேசியில் ஒரே தட்டில் விண்ணப்பம் போய்விடுகிறது. போன பிறகுதான் சிரமம் தொடங்குகிறது. ரெஸ்யூமேயை ஏற்றச் சொல்வார்கள். ஏற்றியதும், அதிலிருக்கும் அத்தனையையும் கட்டம் கட்டமாக மறுபடி தட்டச்சு செய்யச் சொல்வார்கள். முதல் போனிலேயே எச்.ஆர். கேட்பது, இப்போது சி.டி.சி. என்கிற மொத்தச் சம்பளம் என்ன, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். தாங்கள் எவ்வளவு தருவார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. மாலை நான்கு மணி இண்டர்வியூவுக்கு மதியம் அழைப்பு வரும். சில இடங்களில் எதிரே மனிதரே இருக்கமாட்டார். திரையில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துத் தானே பேசிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். இரண்டு நாள் உழைக்க வேண்டிய ஒரு வேலையை, டெஸ்ட் என்ற பெயரில் கூலியில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். பெண்களிடம் கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று இன்னமும் கேட்கிறார்கள். நான்கைந்து சுற்று முடிந்தபின், சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அதன்பிறகு போனை எடுப்பதில்லை, மெயிலுக்குப் பதில் இல்லை.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தாலும் நிம்மதி இல்லை. 2022-இல் கல்லூரி முடித்த பலருக்கு ஐடி நிறுவனங்கள் கடிதம் கொடுத்துவிட்டு, ஜாயினிங் தேதியைத் தள்ளிக்கொண்டே போயின. ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று எழுதிக் கொடுத்த ஒரு பெரிய நிறுவனம், 2023 தொடக்கத்தில் 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. கல்விக் கடனுக்குப் பெரும்பாலும் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். வங்கியிடம் போய், ஜாயினிங் தேதி தள்ளிப்போயிருக்கிறது, நீங்களும் தள்ளி வையுங்கள் என்று எந்தப் பிள்ளை சொல்ல முடியும்? அதே நிறுவனங்களில் விலக நினைப்பவர் மட்டும் 90 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். தனியார் கல்லூரிகள் சிலவற்றில், வேலைக்குச் சேரும் ஆசிரியரின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். வேறு வேலைக்குப் போக அதைக் கெஞ்சித்தான் மீட்க வேண்டும்.

ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, எல்லோருக்கும் பதில் போட ஆளில்லை என்பது நிறுவனங்கள் சொல்லும் காரணம். இதை நான் ஏற்கவில்லை. விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் அதே மென்பொருளில், தேர்வாகாதவர்களுக்குத் தானாக மெயில் அனுப்பும் வசதியும் இருக்கிறது. நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டவர்களுக்குக்கூட அதைப் பயன்படுத்தாமல் இருப்பது, எதிரில் இருப்பவரின் நாட்களுக்கு மதிப்பில்லை என்ற நினைப்பால்தான். இல்லை என்று தெரிந்தால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். தெரியாதவர், கையிலிருக்கும் சின்ன வாய்ப்பையும் விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். வீட்டில், என்னாயிற்று என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை.

கனடாவில், தமிழர்கள் பெருமளவில் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், 2026 ஜனவரி 1 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம், விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணல் நடத்தினால், முடிவெடுத்தாயிற்றா என்பதை 45 நாளுக்குள் நேர்காணலுக்கு வந்தவருக்குத் தெரிவித்தாக வேண்டும். விளம்பரத்திலேயே சம்பளத்தையும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைச் சலிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதையும் சொல்ல வேண்டும்.

இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களைத் தொடர்ந்து நடத்துகின்றன. நிறுவனங்கள் அங்கே மேஜை போட்டு ஆள் எடுக்கின்றன. சம்பளத்தைப் பலகையில் எழுதி வையுங்கள், பேசி அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு மாதத்துக்குள் உண்டு அல்லது இல்லை என்று குறுஞ்செய்தி அனுப்புங்கள், அனுப்பாதவர்களுக்கு அடுத்த முகாமில் இடமில்லை. இந்த மூன்று வரியை அழைப்புக் கடிதத்தில் சேர்க்க ஓர் அலுவலரின் கையெழுத்து போதும்.