நியூ லானார்க்: முதலாளி கட்டிய ஊர்

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆறு அருவியாக விழும் பள்ளத்தாக்கில், 1785இல் டேவிட் டேல் என்ற கிளாஸ்கோ வியாபாரி பஞ்சாலை கட்டத் தொடங்கினார். இயந்திரம் ஓட ஆற்றுத் தண்ணீர் இருந்தது, ஆள்தான் இல்லை. அதனால் ஆலையோடு ஓர் ஊரையும் எழுப்பினார். அப்படியும் போதாமல், அநாதை இல்லங்களிலிருந்து நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கொண்டுவந்தார். அந்தப் பிஞ்சுகள் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு வரை ஆலையில் நின்றார்கள்; பிறகுதான் படிப்பு. இத்தனைக்கும் டேல் இரக்கமுள்ள முதலாளி என்று பெயர் எடுத்தவர்.

1800இல் நிர்வாகம் அவருடைய மருமகன் ராபர்ட் ஓவன் கைக்கு வந்தது. அநாதைக் குழந்தைகளை வேலைக்கு எடுப்பதை ஓவன் நிறுத்தினார். பத்து வயது ஆகாதவர்களுக்கு ஆலையில் இடமில்லை என்றார். அமெரிக்கப் பருத்தி வராமல் ஆலை நின்ற நான்கு மாதமும் முழுக் கூலி கொடுத்தார். அதுவரை அவரைச் சந்தேகத்தோடு பார்த்த தொழிலாளர்கள் அதன் பிறகுதான் நம்பினார்கள்.

1816 புத்தாண்டு நாளில் அவர் திறந்த கல்விக்கூடத்தில் பிரம்புக்கு வேலை இல்லை. நடக்கப் பழகிய குழந்தைகூட வரலாம். பாட்டு, நடனம், சுவர் நிறைய வரைபடங்கள். இந்தப் பள்ளியை நினைத்தால் இன்றைக்கும் மனம் நெகிழ்கிறது. ஆனால் அதை நடத்த ஊர்க்கடையின் லாபமும் உதவியது. சரக்கை மொத்தமாக வாங்கி மலிவாக விற்ற கடை அது. அங்கே சாமான் வாங்கியவர்கள் தொழிலாளர்கள். ஓவனின் கொடை என்று நாம் படிப்பதில் அவர்களுடைய மளிகைக் காசும் இருக்கிறது.

கண்காணிப்பும் கூடவே வந்தது. ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நான்கு வண்ண மரக்கட்டை ஒன்று தொங்கும். முந்தைய நாள் வேலை மோசமென்றால் கறுப்பு முகம் முன்னால் இருக்கும். சுமாருக்கு நீலம், நன்றுக்கு மஞ்சள், மிக நன்றுக்கு வெள்ளை. திட்டும் இல்லை, அடியும் இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வந்தது. பெண்கள் பலர் அதை வெறுத்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்: கூலியும் கூரையும் ஒருவர் கையில் இருக்கும்போது, அவர் அனுப்பிய ஆளிடம் கதவைத் திறக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஆலை 1968இல் மூடப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். ஊர்க்கடைக்கு வேறொரு வடிவமும் முன்பே வந்திருந்தது: ஓவனின் கருத்துகளில் ஊறியவர்கள் சிலரும் சேர்ந்து, 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேலில் தொழிலாளர்களே முதல் போட்டு ஒரு கடை திறந்தார்கள். அதன் லாபத்தை என்ன செய்வதென்று உறுப்பினர்களே கூடி முடிவெடுத்தார்கள்.