மொழி தெரியாத டாக்டர் விண்வெளியில் என்ன செய்வார்?

பகடை உருட்டி ஆடும் ஒரு விளையாட்டு சொல்லும் கணக்கு

விண்வெளிக் கப்பல் ஒன்று, முன்பின் தெரியாத ஒரு கிரகத்தில் இறங்குகிறது. அங்கே ஒரு குழந்தைக்குக் கடும் காய்ச்சல். கப்பலில் கெட்டிக்கார டாக்டர் ஒருவர் இருக்கிறார். மருந்துப் பெட்டியும் தயாராக இருக்கிறது.

ஆனால், குழந்தையின் தாய் பேசுவது டாக்டருக்குப் புரியவில்லை. எத்தனை நாளாகக் காய்ச்சல்? குழந்தை என்ன சாப்பிட்டது? ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தார்கள்? எதையும் கேட்க வழியில்லை. தாய் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறாள். "வேண்டாம்" என்கிறாளா? "சீக்கிரம்" என்கிறாளா?

டாக்டரின் திறமை இப்போது எவ்வளவு? முழுதா, பாதியா, பூஜ்யமா?

இது சினிமாக் காட்சி அல்ல. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஆடும் ஒரு விளையாட்டில் வரக்கூடிய கட்டம். அமெரிக்காவில் பிறந்த இந்த விளையாட்டு, மனிதனின் திறமைகளுக்கு எண் கொடுக்கிறது. மொழிக்கும் எண் கொடுக்கிறது. அந்தக் கணக்கைப் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் கேட்டால், தங்கள் கதையையே கேட்பது போலிருக்கும்.

பலகையும் இல்லை, காயும் இல்லை

தாயத்துக்குக் கட்டம் உண்டு. பரமபதத்துக்குப் பாம்பும் ஏணியும் உண்டு. இந்த விளையாட்டுக்கு அவை கட்டாயம் இல்லை. ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். ஒருவர் கப்பல் ஓட்டி, ஒருவர் எஞ்சினீயர், ஒருவர் வியாபாரி.

"கதவு பூட்டியிருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்பார் நடுவர். "திருகுளியால் பூட்டைக் கழற்றப் பார்க்கிறேன்" என்பார் எஞ்சினீயர். முடிந்ததா, இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எஞ்சினீயரின் திறமை கூடக் கூட, பகடை அவர் பக்கம் சாயும். கூத்தில் வேடம் கட்டுவது போலத்தான். ஆனால் வசனமும் முடிவும் முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

இவ்வகை விளையாட்டுக்கு வழி திறந்தது 1974-ல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. அது வாளும் மந்திரமும் நிறைந்த உலகம். அதிலேயே மொழிக்கு இடம் இருந்தது. எல்லோருக்கும் ஒரு பொதுமொழி உண்டு. அறிவு 10 புள்ளிக்கு மேல் போனால், கூடும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மொழி கூடுதலாகத் தெரியும்.

புத்திசாலிக்குத்தான் பல மொழி வரும் என்பது அந்தக் கணக்கு. வாழ்க்கை அப்படி இல்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கூலித் தொழிலாளி நாலு மொழி பேசுவார். பட்டம் பெற்றவர் ஒரே மொழியோடு நின்றுவிடுவார்.

18 வயதில் வேலைக்குச் சேர்

விண்வெளிக் கதைகளுக்கென்று வந்து புகழ் பெற்றது 1977-ல் வெளியான 'டிராவலர்'. இல்லினாய் மாநிலத்தில் இருந்த கேம் டிசைனர்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற நிறுவனம் வெளியிட்டது. வடிவமைத்தவர் மார்க் மில்லர். ஒரு பெட்டிக்குள் கறுப்பு அட்டை போட்ட மூன்று சின்னப் புத்தகங்கள். அவ்வளவுதான்.

இதில் பாத்திரம் உருவாகும் விதமே தனி. உடல் வலு, சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, அறிவு, கல்வி, சமூக அந்தஸ்து என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகடை உருட்டி எண் எடுக்க வேண்டும். பிறகு 18 வயதில் வேலைக்கு மனுப் போட வேண்டும். விண்வெளிக் கடற்படை, தரைப்படை, வணிகக் கப்பல் என்று ஆறு வகை உத்தியோகம். நான்கு ஆண்டு ஒரு தவணை. தவணைக்குத் தவணை திறமைகள் சேரும், பதவி உயர்வு வரும், வயதும் ஏறும். 34-ல் இருந்து மூப்பின் தொல்லை ஆரம்பம்.

1977-ம் ஆண்டு விதிப்படி, ஒவ்வொரு தவணையிலும் உயிர் பிழைக்கவும் பகடை உருட்ட வேண்டும். எண் சரியாக விழாவிட்டால், விளையாட்டு தொடங்கும் முன்பே பாத்திரம் செத்துப்போகும்! வேறு தாள் எடுத்து, மறுபடி பிறக்க வேண்டியதுதான்.

திறமைகளின் பட்டியலில் கப்பல் ஓட்டுதல், வைத்தியம், எஞ்சின் வேலை எல்லாம் உண்டு. குமாஸ்தாக்கள் மகிழும்படி 'நிர்வாகம்' என்று ஒரு திறமையும் உண்டு. சர்க்கார் ஆபீசில் காரியம் சாதிப்பது, லைசென்ஸ் தாமதமின்றி வாங்குவது, தாள்களைத் துருவிப் பார்க்காமல் அதிகாரியை அனுப்பி வைப்பது எல்லாம் இதில் அடங்கும். ஆயிரம் கிரகம் தாண்டிப் போனாலும் ஆபீஸ் ஆபீஸ்தான் என்று விளையாட்டை எழுதியவருக்கும் தெரிந்திருக்கிறது. லஞ்சம் கொடுக்கத் தெரிவதுகூடத் தனித் திறமை!

8 விழுந்தால் வெற்றி

'டிராவலர்' கணக்கு சுலபம். இரண்டு பகடை உருட்டி, கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் வந்தால் பெரும்பாலும் வெற்றி. இரண்டு பகடை 36 விதமாக விழும். அதில் 15 விதம் 8-ஐ எட்டும்.

ஒரு புள்ளி திறமை இருந்தால், அதை விழுந்த எண்ணோடு கூட்டிக்கொள்ளலாம். உடனே 15 என்பது 21 ஆகிறது. இரண்டு புள்ளி இருந்தால் 26. ஒரு சின்னத் திறமை, பாதிக்குக் கீழே இருந்த வாய்ப்பைப் பாதிக்கு மேலே தூக்கி விடுகிறது. தொழில் கற்றவனுக்கும் கற்காதவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சரி, அந்தப் பட்டியலில் மொழி எங்கே?

1977-ம் ஆண்டுப் பட்டியலில் மொழி என்ற திறமையே இல்லை! அந்த விளையாட்டின் பேரரசில் 'கலாங்கிலிக்' என்ற பொதுமொழி வழங்குகிறது. ஆங்கிலத்தில் இருந்து வந்த மொழி என்று கதை. எங்கே போனாலும் அதைப் பேசி ஆட்டத்தை நடத்திவிடலாம்.

பின்னால் வந்த புத்தகங்கள் இந்தக் குறையை நிரப்பின. சிங்கம் போன்ற 'அஸ்லான்' இனத்தைப் பற்றிய புத்தகம் 1984-ல் வந்தது. பகடை உருட்டியே அந்த இனத்தாரின் சொற்களை உண்டாக்கும் அட்டவணைகள் அதில் இருந்தன. பிறகு வந்த பதிப்புகளில் மொழியும் ஒரு திறமையாகப் பட்டியலில் ஏறியது.

மூன்று வழிகள்

இத்தகைய விளையாட்டுகள் மொழியைக் கையாளும் வழிகள் மூன்று.

முதல் வழி, எல்லோருக்கும் ஒரே மொழி. ஆட்டம் தடங்கலின்றி ஓடும். ஆனால் ஆயிரம் உலகங்களும் ஒரே தெருவைப் போல் ஆகிவிடும்.

இரண்டாவது வழி, மொழிபெயர்க்கும் கருவி. 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' டெலிவிஷன் தொடர் இந்த வழியைத்தான் பிடித்தது. கருவி வேலை செய்யும்வரை கவலை இல்லை. கருவி பழுதாகும்போதுதான் கதையே ஆரம்பம்! அதே 'ஸ்டார் டிரெக்' படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியல் அறிஞர், கிளிங்கான் இனத்தாருக்கு இலக்கணத்தோடு ஒரு மொழியையே உருவாக்கினார். அதன் அகராதி 1985-ல் அச்சாகி வெளிவந்தது.

மூன்றாவது வழி, ஒவ்வொரு மொழியையும் பாத்திரம் தனித்தனியே கற்க வேண்டும் என்பது. இதுதான் வாழ்க்கைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

கொச்சை, வாடை, சரளம்

மூன்றாவது வழியை அழகாகக் கணக்குப் போட்டது 'கர்ப்ஸ்'. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் உள்ள ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட விளையாட்டு இது. எந்தக் கதைக்கும் பொருந்தும், விண்வெளிக் கதைக்கும் பொருந்தும். இதன் நான்காம் பதிப்பு 2004-ல் வந்தபோது, மொழிக்குத் தனி விதி எழுதப்பட்டது.

அதன்படி, மொழி தெரிவதில் மூன்று படிகள் உண்டு. முதல் படி கொச்சை. அடுத்தது, புரியும்படி பேசினாலும் வெளியூர் வாடை அடிக்கும் பேச்சு. மூன்றாவது, அந்த ஊர்க்காரரைப் போன்ற சரளம். பேச்சுக்கு முறையே 1, 2, 3 புள்ளி. எழுத்துக்கும் அதே போல் 1, 2, 3 புள்ளி. பேச்சு வேறு, எழுத்து வேறு என்று பிரித்ததுதான் இதன் சிறப்பு.

கொச்சையாகப் பேசுபவர், பேச்சை நம்பிச் செய்யும் காரியங்களில் 3 புள்ளி இழக்கிறார். இதில் மூன்று பகடை உருட்டி, திறமை எண்ணுக்குள் விழ வேண்டும். பேசியே ஆளை மடக்கும் திறமை 12 உள்ளவருக்கு, சொந்த மொழியில் 216-க்கு 160 வாய்ப்பு. அரைகுறை மொழியில் அதே ஆள் பேசினால் திறமை 9 ஆகிறது. வாய்ப்பு 81. ஏறக்குறைய பாதி!

ஆள் மாறவில்லை. அறிவு குறையவில்லை. மொழி ஒன்றுதான் மாறியது. ஆபத்து வேளையில் இன்னும் மோசம். பதற்றத்தில் சொல்வது புரிகிறதா என்பதற்கே தனியாகப் பகடை உருட்ட வேண்டி வரும்.

டாக்டர் என்ன ஆனார்?

அந்த டாக்டருக்கு ஒரு நல்ல நடுவர் என்ன தீர்ப்புச் சொல்வார்? காயத்துக்குத் தையல் போட மொழி வேண்டாம். அங்கே டாக்டருக்கு முழுத் திறமை. நோயை விசாரித்து அறிய மொழி வேண்டும். அங்கே திறமை குறையும். மொத்தமாகப் பூஜ்யம் போடுவதும் தவறு, ஒன்றுமே குறைக்காமல் விடுவதும் தவறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. மொழி தெரிந்தவர் ஒருவரே என்றால், ஆட்டம் முழுக்க அவரே பேசுவார். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதைத் தவிர்க்க, டாக்டர் கேள்வி சொல்ல, மொழி தெரிந்த பையன் கேட்டுச் சொல்லலாம். அப்போது பகடை இருவருக்கும் உண்டு. பையன் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால், மருந்தே மாறிவிடும்.

மும்பைத் தமிழருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆஸ்பத்திரி வரிசையில் அம்மாவுக்காக மராத்தியில் பேசும் பத்து வயதுப் பெண்ணைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவள் கையில் பகடை இல்லை. மற்றபடி எல்லாம் அதே கட்டம்தான்.

50 நாள் கணக்கு

மொழி கற்கவும் 'கர்ப்ஸ்' கணக்கு வைத்திருக்கிறது. ஒரு புள்ளிக்கு 200 மணி நேரப் படிப்பு. அந்த மொழி வழங்கும் ஊரிலேயே வாழ்ந்தால், வேறு வேலை என்ன செய்தாலும், நாளுக்கு 4 மணி நேரம் படித்ததாகக் கணக்கு. அப்படியானால் 50 நாளில் கொச்சைப் பேச்சு வந்துவிடும்.

தாராவியில் வந்து இறங்கி, ரயில் நெரிசலிலும் காய்கறிச் சந்தையிலும் இந்தி பழகியவர்கள் இந்த 50 நாளைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். வாத்தியார் இல்லை, புத்தகம் இல்லை. பிழைப்புத்தான் வாத்தியார். அப்படிக் கற்ற அரைகுறை மொழிகளை ஊரில் யாரும் திறமை என்று மதிப்பதில்லை. இந்த விளையாட்டு மதிக்கிறது. ஒவ்வொன்றையும் தாளில் எழுதிப் புள்ளி போடுகிறது.

தாய்மொழிக்கு மட்டும் புள்ளி கேட்பதில்லை. பேச்சும் எழுத்தும் பிறவிச் சொத்து, இலவசம். ஆனால் தாய்மொழியைப் படிக்கவே தெரியாத பாத்திரம் என்றால், அதைக் குறை என்று எழுதி, மூன்று புள்ளியைக் கழிக்கிறது.

வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ படிக்கும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். பாட்டியோடு தமிழில் வாய் ஓயாமல் பேசுவார்கள். ஊரில் இருந்து தாத்தா எழுதிய கடிதம் வந்தால் மட்டும் அப்பாவிடம் நீட்டுவார்கள். அவர்கள் இழந்தது அந்த மூன்று புள்ளி.

அதை மீட்க எவ்வளவு நாள்? 600 மணி நேரம். தினம் அரை மணி என்றால் 1,200 நாள், அதாவது மூன்று ஆண்டும் மூன்றரை மாதமும். அது முழுச் சரளத்துக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதல் புள்ளிக்கு 400 நாள் போதும்.

400 நாள், தினம் அரை மணி. பாடப் புத்தகம்கூட வேண்டாம். காலையில் வீட்டுக்கு வரும் இந்தப் பத்திரிகையின் தலைப்பு எழுத்துக்களே முதல் பாடமாகப் போதும்.