ஆட்டுத் தீவனம் விற்போர் கவனத்திற்கு

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் உறுப்பினர் கடைகள் பலவற்றில் தவிடு, பிண்ணாக்கு, நொய், பொட்டு ஆகியவையும் விற்பனையாகின்றன. வீட்டில் இரண்டொரு ஆடு வளர்ப்போரும், பக்ரீத்துக்குச் சில வாரங்கள் முன்பே செம்மறிக் கிடா வாங்கிக் கட்டுவோரும் நம்மிடமே வருகின்றனர். "சீக்கிரம் சதை பிடிக்க எதைப் போடலாம்?" என்று அவர்கள் முதலில் கேட்பது கடைக்காரரைத்தான். ஆகவே சில விவரங்களை நாம் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

ஆடு அசைபோடும் பிராணி. அதன் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்ந்து, புல்லையும் தழையையும் செரிக்கச் செய்கின்றன. மேய்ந்து பழகிய ஆட்டுக்குத் திடீரென்று நொய்யோ, அரிசியோ, சோறோ வயிறு நிறையக் கொடுத்தால் அது வேகமாகப் புளித்து அமிலமாகிறது. உடம்பிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. ஆடு தீனி எடுக்காது, வயிறு உப்பும், கழிச்சல் காணும். ஓரிரு நாளில் இறந்துவிடவும் கூடும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஆடு பண்டிகைக்கு முன்பே போய்விடும். இந்த அறிகுறி கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே உள்ளது.

சரியான அளவு என்ன? உடல் எடையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு உலர் தீவனம் ஆட்டுக்குத் தேவை. 25 கிலோ ஆட்டுக்கு இது முக்கால் முதல் ஒரு கிலோ. பசும்புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால், ஏறத்தாழ 3 கிலோ பசுந்தீவனமும் 200 கிராம் அடர்தீவனமும் கொடுத்தால் போதுமானது. புல், அகத்தி, வேலிமசால், காய்ந்த கடலைக்கொடி ஆகியவையே முதன்மை உணவு. தானியமும் பிண்ணாக்கும் துணை உணவு மட்டுமே. அடர்தீவனத்தை 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

மாட்டுக்கான தாது உப்புக் கலவையைச் செம்மறிக்கு விற்க வேண்டாம். அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சிறுகச் சிறுகச் சேர்ந்து நஞ்சாகலாம். ஆட்டுக்கென்று உள்ள கலவையையே கொடுக்க வேண்டும்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் பிண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சணமே காரணம் என்று பின்னர் தெரிய வந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். கடற்காற்றின் ஈரம் நிறைந்த நம் பகுதியில் பிண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குதல் நலம். பழைய சரக்கை முதலில் தள்ள வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. நல்ல சரக்கோடு கலக்கவும் கூடாது.

நொய் ஐந்து கிலோ கேட்பவரிடம், "ஆட்டுக்கா? எத்தனை ஆடு? பழக்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டு நிறுத்தால், அன்றைக்கு விற்பனை சற்றுக் குறையலாம். ஆடு பிழைத்தால் அந்த வாடிக்கையாளர் அடுத்த ஆண்டும் நம் கடைக்கே வருவார்.